ரமாபாய் பண்டரிபுரம் போகவில்லை

மே 27 நெருங்கினால் எங்கள் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைகளுக்கு வேலை கூடும். நீலப் பின்னணி, ஓரத்தில் அண்ணல், நடுவில் முக்காடிட்ட அன்னை ரமாபாய், கீழே வரிசையாகப் பொறுப்பாளர்களின் படங்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்த அமைப்பு அடித்தாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: தியாகத் தாய்க்கு வீரவணக்கம்.

கூட்டத்தில் சொல்லப்படும் கதைகளும் மூன்றுதான். கணவர் வெளிநாட்டில் படித்தபோது சாணி பொறுக்கி வறட்டி தட்டிக் குடும்பத்தை ஓட்டினார். இறந்துபோன குழந்தைக்குக் கோடித் துணி வாங்கக் காசில்லாமல் தன் சேலையைக் கிழித்துக் கொடுத்தார். தார்வாட் விடுதியில் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது கை வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். சொல்கிற தோழருக்குத் தொண்டை அடைக்கும். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பிறகு அந்த முடிவு வாக்கியம் வரும்: இப்படி ஒரு மனைவி வாய்த்ததால்தான் நமக்கு ஒரு பாபாசாகேப் கிடைத்தார், நம் வீட்டுப் பெண்களும் இப்படி இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் மீதுதான் எனக்குப் பேச இருக்கிறது. கதைகளைக் குறை சொல்லவில்லை. சேரியில் பிறந்த எவருக்கும் அவை அந்நியமான கதைகள் இல்லை. ஆனால் ரமாபாயின் பட்டினியை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

அவர் பிறந்தது 1898 பிப்ரவரி 7 என்று கொண்டாடுகிறோம். ஊர், கொங்கணத்தில் தாபோலிக்கு அருகே வணந்த். அப்பா பிக்கு, தாபோல் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்தவர். அம்மா ருக்மிணி. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோக, உடன்பிறந்தவர்களோடு பம்பாயில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1906இல் பைகுல்லா மார்க்கெட்டில் திருமணம். கடைகள் அடைத்த பிறகு இரவில், கூரை மட்டும் போட்ட அந்த மார்க்கெட்டின் ஒரு மூலையில் மாப்பிள்ளை வீட்டார், இன்னொரு மூலையில் பெண் வீட்டார். பகலில் மீன் விற்கிற கல்மேடைகள்தான் விருந்தினர்கள் உட்கார்ந்த பலகை. கீழே சாக்கடைத் தண்ணீர். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும், வியாபாரிகள் வந்துவிடுவார்கள். பெண்ணுக்கு எட்டு ஒன்பது வயது. மாப்பிள்ளை எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற பையன்.

இந்தத் திருமணத்தை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மண்டபம் கிடைக்காத சாதி, மார்க்கெட் அடைக்கிற நேரம் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறது. நம் ஊர்களில் ஆதிக்கச் சாதித் தெரு வழியாக மாப்பிள்ளை ஊர்வலம் போக இன்றும் போலீஸ் பாதுகாப்பு கேட்டு மனு எழுத வேண்டியிருக்கிறது. அந்த மனுக்கள் சிலவற்றை எழுதிக் கொடுத்தவள் என்ற முறையில், பைகுல்லா எனக்குப் பழங்கதையாகத் தெரியவில்லை.

1912 டிசம்பரில் மூத்த மகன் யஷ்வந்த் பிறந்தான். 1913 பிப்ரவரியில் மாமனார் ராம்ஜி சக்பால் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் கணவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் போனார். இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ரமாபாய்க்குப் பதினைந்து வயது, இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. பரேலில் ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்த, பொதுக் கழிப்பறை கொண்ட தொழிலாளர் குடியிருப்பு. கணவர் திரும்பியது 1917இல். பிறகு சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய் சம்பளம் வந்தபோதும், வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிட்டு மீதியை லண்டன் படிப்புக்குச் சேர்த்தார். 1920இல் மறுபடி கப்பல். 1923 வரை. ஆக, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கணவர் கடலுக்கு அந்தப் பக்கம்.

லண்டனிலிருந்து 1921 நவம்பரில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. காசு அனுப்ப முடியவில்லை, நானும் சாப்பாட்டுக்குத் திண்டாடுகிறேன், கையில் இருப்பது தீர்ந்தால் நகையை விற்றுச் சாப்பிடு, வந்ததும் புதிதாகச் செய்து தருகிறேன் என்கிற அர்த்தத்தில் போகும் கடிதம். அதிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. உன் படிப்பு நன்றாகப் போகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதுகிறார். நகை விற்கச் சொன்னது நம் மேடைகளில் வருகிறது. படிப்பு வருவதில்லை. வறுமைக்கும் பிள்ளை நோய்க்கும் நடுவே அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார் என்பது நமக்கு ஏன் கதையாகவில்லை?

சமூகவியல் படித்தபோது எனக்கு உறுத்திய சொல் 'தியாகம்'. வேறு வழி இருந்து, அதை விட்டுக்கொடுத்தால்தான் அது தியாகம். பதினைந்து வயதுப் பெண்ணிடம் யாரும் கேட்டுவிட்டு நியூயார்க் போகவில்லை. வறட்டி தட்டியது குடும்பத்தில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக. அதே ஆண்டுகளில் பம்பாயில் ஆயிரக்கணக்கான மகார் பெண்கள் அதையேதான் செய்தார்கள், அவர்களின் கணவர்கள் யாரும் பேரறிஞர்கள் ஆகவில்லை. சாதி உண்டாக்கிய வறுமையை மனைவியின் குணநலனாக மாற்றிப் பாராட்டினால், வறுமைக்குப் பொறுப்பானவன் தப்பித்துவிடுகிறான். கூட்டத்தில் கண் கலங்கிய நமக்கு, யார் மீது கோபப்பட வேண்டும் என்பது மறந்துபோகிறது.

ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். யஷ்வந்த் மட்டும் பிழைத்தான். கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா நால்வரும் போய்விட்டார்கள். கடைசிப் பிள்ளை ராஜரத்னா இறந்தது 1926 ஜூலையில். அடுத்த மாதம் நண்பர் தத்தோபா பவாருக்கு பாபாசாகேப் எழுதிய கடிதத்தில், இந்த அடியிலிருந்து நானும் மனைவியும் மீள்வோம் என்று சொன்னால் அது நடிப்பு என்கிறார். நான்கு அருமைப் பிள்ளைகளைப் புதைத்தோம் என்கிறார். வாழ்க்கையே களை மண்டிய தோட்டமாகிவிட்டது போன்ற மனநிலை அந்தக் கடிதம் முழுக்க. அவர் துக்கம் எழுத்தில் இருக்கிறது, படிக்கிறோம். அந்த நான்கு பிள்ளைகளையும் பெற்றவளின் துக்கம் எழுத்தில் இல்லை. ராஜரத்னா போய் எட்டு மாதத்தில், 1927 மார்ச் 20, மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அண்ணல் கையில் அள்ளினார். வரலாறு அந்தக் குளக்கரைக்குப் போய்விட்டது. பரேல் அறையில் அன்று என்ன நடந்தது என்று கேட்க யாரும் இல்லை.

1928இல் பம்பாயில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவர் ரமாபாய். ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அம்பேத்கர் இயக்கத்தின் பெண்களைத் தேடித் தேடி நேரில் சந்தித்து 1989இல் மராத்தியில் வெளியிட்ட நூல் இல்லையென்றால் இப்படிப்பட்ட பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்காது. தார்வாட் வளையல் கதையையும் இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கலாம். விடுதிக்கு வர வேண்டிய பணம் வரவில்லை, பிள்ளைகள் பசியில் இருக்கிறார்கள், பொறுப்பாளர் கையைப் பிசைகிறார். அங்கே தங்கியிருந்த ஒரு பெண் நிலைமையைக் கேட்டு, இருப்பதை அடகு வை, இன்றைக்கு அடுப்பு எரியட்டும் என்று சொல்கிறார். இதைச் செய்தவர் ஆணாக இருந்தால் 'முடிவெடுத்தார்' என்று சொல்லியிருப்போம். பெண் என்பதால் 'வளையலைக் கழற்றினார்'.

இப்போது பண்டரிபுரத்துக்கு வருகிறேன்.

ரமாபாய் பக்தி உள்ளவர். விரதம் இருப்பார். பண்டரிபுரம் போய் விட்டலனைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தீண்டப்படாதவர்கள் அந்தக் கோயிலுக்குள் போக முடியாது. பதினான்காம் நூற்றாண்டில் விட்டலனைப் பாடிப் பாடியே செத்த சோகாமேளாவின் சமாதி அந்தக் கோயில் வாசலில், படிக்கட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. அவரும் மகார். ரமாபாய் போயிருந்தாலும் அந்தச் சமாதி வரைக்கும்தான் போயிருக்க முடியும். மனைவியிடம் பாபாசாகேப் சொன்ன பதில் எல்லோருக்கும் தெரியும்: உன்னை வெளியே நிறுத்துகிற அந்தப் பண்டரிபுரம் எதற்கு, நாம் வேறொரு பண்டரிபுரத்தை உருவாக்குவோம். மேடையில் இந்த இடத்தில் கைதட்டல் எழும்.

இதே கதையை ஒரு மாலை எங்கள் வேலைப் பகுதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அண்ணன் இயக்கத்தில் இருபது வருடமாக இருக்கிறவர். மதினி மடியில் பீடித் தட்டு. இலையை வெட்டிக்கொண்டே கேட்டார்:

"அப்பொறம் போனாங்களா?"

"எங்க மதினி?"

"அந்தக் கோயிலுக்குத்தான். கடசி வரைக்கும் போவலியா?"

போகவில்லை என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பீடியின் வாயை மடக்கினார்.

அவருக்கு வேறொரு பண்டரிபுரம் பற்றிய பகுதி தேவைப்படவில்லை. ஒரு பெண் ஒரு இடத்துக்குப் போக ஆசைப்பட்டாள், போனாளா இல்லையா என்பதே அவருடைய கேள்வி. நான் எத்தனையோ நூல்களில் இந்தச் சம்பவத்தைப் படித்திருக்கிறேன், எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

மதினிக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் ஆடித்தபசு தென்மாவட்டங்கள் அறிந்தது. சிவனும் திருமாலும் ஒன்றாக நிற்கிற கோலத்தைப் பார்க்க வேண்டும் என்று கோமதி அம்மன் தவம் இருக்கிறாள், சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிறார், அதற்குத்தான் ஊரே திரள்கிறது. இயக்கத்து வீடுகளில் அந்த நாளில் ஒரு மௌனச் சண்டை நடக்கும். "பார்ப்பானக் கதைக்கு எதுக்குப் போற?" என்பார் அண்ணன். மதினி கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், கூட்டத்தில் எங்கோ நின்று பார்த்துவிட்டு, நெற்றியில் வைத்த புற்றுமண்ணைத் தெருமுனைக் குழாயில் கழுவிவிட்டு வருவார். எனக்குக் கோயில் மீது நம்பிக்கை கிடையாது. நம்மை நூற்றாண்டுகளாக வெளியே நிறுத்திய இடத்தில் போய்க் கும்பிட்டு என்ன ஆகப்போகிறது என்ற அண்ணனின் கேள்வி சரியான கேள்வி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சரியான கேள்வியைக் கேட்கிறவர், வாரம் ஆறு நாள் பீடி சுற்றுகிற அந்தப் பெண்ணுக்கு வீட்டை விட்டு வெளியே போக வேறு எந்த இடம் இருக்கிறது என்று கேட்டதில்லை. கோயில் வேண்டாம் என்றால் மாநாட்டுக்காவது கூட்டிப்போகலாம். மாநாட்டுக்கு வேன் போகும்போது ஆண்கள்தான் ஏறுகிறார்கள். ஆட்டுக்குட்டியையும் மாமியாரையும் யார் பார்ப்பது?

அண்ணலின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கியவரே அவர்தான். 1934இல் பாவுராவ் கெய்க்வாட்டுக்கு எழுதிய கடிதத்தில், சிலையைக் கும்பிட்டால் விடுதலை வந்துவிடும் என்று நினைத்து நான் இதைத் தொடங்கவில்லை, நம் மக்களை உசுப்புவதற்கும் அவர்களின் நிலையை அவர்களே உணர்வதற்கும்தான் தொடங்கினேன், அந்த வேலை முடிந்தது என்கிற பொருளில் விளக்கினார். அரசியலாக இது தெளிவு. ஆனால் ஒரே வீட்டுக்குள் ஒருவருக்குக் கோயில் என்பது ஒரு போராட்ட உத்தி, இன்னொருவருக்கு அது சாகும்வரை கிடைக்காமல் போன ஒரு பயணம். இரண்டும் உண்மை. நாம் ஒன்றை மட்டும் மேடையேற்றுகிறோம்.

1935 மே 27இல் ரமாபாய் தாதரில் ராஜகிருகத்தில் இறந்தார். புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு அது. பரேல் அறையை விட்டு அங்கே வந்து அவர் இருந்தது கொஞ்ச காலம்தான், அதிலும் பெரும்பகுதி நோயில். சடங்குகளை நம்பாத கணவர் மனைவியின் நம்பிக்கைப்படி சடங்குகள் நடக்க விட்டார், மொட்டை போட்டுக்கொண்டார், காவி உடுத்திப் பல நாள் யாரையும் பார்க்காமல் இருந்தார் என்று தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்ற அறிவிப்பு. 1940இல் வெளியான பாகிஸ்தான் பற்றிய நூலை ரமுவுக்குக் காணிக்கையாக்கினார். நண்பர்கள் இல்லாத, பற்றாக்குறை நிறைந்த காலத்தில் தன்னோடு சேர்ந்து துன்பப்பட முன்வந்தவர் என்று அதில் நன்றி சொல்கிறார். 'எனக்காக' என்று எழுதாமல் 'என்னோடு' என்று எழுதினார் என்பது என் கண்ணில் படும். நம் பேச்சாளர்கள் அதை 'அவருக்காக' என்று மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பண்டரிபுரம் கோயில் கதவு, சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகு, 1947இல் திறந்தது. ரமாபாய் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தியாகத் தாய் என்ற அளவுகோல் இருக்கிறதே, அது அடுத்து வந்த பெண்ணை என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சாரதா கபீர். சாரஸ்வத் பார்ப்பனக் குடும்பம். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். டாக்டர் மாவளங்கரின் மருத்துவமனையில் வேலை செய்தபோது, சர்க்கரையும் நரம்பு வலியுமாக வந்த பாபாசாகேபுக்கு வைத்தியம் பார்த்தார். 1948 ஏப்ரல் 15, டெல்லியில் பதிவுத் திருமணம். சவிதா என்று பெயர் மாறியது. அரசியல் சட்ட வரைவு நடந்துகொண்டிருந்த, கால்கள் மறுத்துப்போன, இரவில் தூக்கம் வராத ஆண்டுகள் அவை. வேலையை விட்டுவிட்டு அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டார். 1956 அக்டோபர் 14 நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது பக்கத்தில் நின்று தானும் ஏற்றார். டிசம்பர் 6 அதிகாலை அண்ணல் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து, பார்ப்பனத்தி விஷம் வைத்துக் கொன்றுவிட்டாள் என்ற பேச்சு.

அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. பார்ப்பனியத்திடம் அடிபட்ட சமூகம் ஒரு பார்ப்பனப் பெண்ணைத் தன் தலைவரின் சமையலறையில் பார்த்து மிரண்டது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அரசு விசாரித்து இயற்கை மரணம் என்றது. அதை நம்ப வேண்டாம், அரசை நம்ப நமக்குக் கட்டாயம் இல்லை. பாபாசாகேப் எழுத்தையாவது நம்பலாம். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956இல் அவர் எழுதிய முன்னுரையில், உடம்பு படுத்திய பாட்டுக்கு நடுவே இதை எழுதி முடிக்க உதவியவர்கள் என்று மனைவியையும் டாக்டர் மாவளங்கரையும் சொல்லி நன்றி கூறுகிறார். 1957இல் புத்தகம் வெளியானபோது அந்த முன்னுரை அதில் இல்லை. பகவான் தாஸ் 1980இல் தொகுத்து வெளியிட்ட பிறகே வெளியுலகம் படித்தது. தன் கணவர் தனக்குச் சொன்ன நன்றி அச்சாவதைப் பார்க்க அந்தப் பெண்ணுக்குக் கால் நூற்றாண்டு ஆனது. நடுவில் பல ஆண்டுகள் டெல்லி மெஹ்ரோலிப் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். 1990 ஏப்ரல் 14இல் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையிலிருந்து அண்ணலுக்கான பாரத ரத்னாவை வாங்கியவர் அவர்தான். அதே ஆண்டு மராத்தியில் தன் நினைவுகளை வெளியிட்டார். 2003 மே 29இல் மும்பையில் இறந்தார். ரமாபாய் நினைவு நாளுக்கு இரண்டு நாள் கழித்து வருகிறது அவருடைய நாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஃப்ளெக்ஸ் அடித்து நான் பார்த்ததில்லை.

படிப்பில்லாத, பேசாத, சீக்கிரம் இறந்துபோன மனைவி தாய் ஆகிறாள். படித்த, பேசிய, கணவருக்குப் பிறகு நாற்பத்தாறு ஆண்டுகள் உயிரோடு இருந்த மனைவி கொலைகாரி ஆகிறாள். இதில் சாதிக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. சாதி மட்டும்தான் என்றால் மணியம்மையாருக்கு ஏன் அதே கதி? அவர் பார்ப்பனர் இல்லையே. 1949 ஜூலையில் பெரியார் அவரை மணந்ததும் எழுந்த ஏச்சுகளைத் தமிழ்நாடு மறந்திருக்காது. கட்சியே பிளந்தது. பெரியாருக்குப் பிறகு இயக்கத்தைத் தலைமையேற்று நடத்தி, 1974இல் ராவண லீலா நடத்தி, நெருக்கடி நிலையில் சிறைக்கும் போன ஒரு அரசியல்வாதியை இன்றும் 'பெரியாரைப் பார்த்துக்கொண்டவர்' என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள்.

பெரியாரைச் சொன்னதால் இன்னொன்று. 1933 மேயில் நாகம்மையார் இறந்தபோது குடி அரசில் அவர் எழுதிய இரங்கல் தமிழில் வேறெந்தத் தலைவரும் எழுதத் துணியாதது. நாகம்மாளைத் தனக்குத் துணையாகக் கொண்டதைச் சொல்லிவிட்டு, தான் அவருக்குத் துணையாக இருந்தேனா என்று கேட்டுக்கொள்கிறார். பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூறில் ஒரு பங்கைக்கூட வீட்டில் நடத்தவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அண்ணலின் காணிக்கை வரிகளையும் பெரியாரின் இந்த இரங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம் தோழர்கள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டும் மனைவி இறந்த பிறகு எழுதப்பட்டவை என்பதுதான் வருத்தம்.

நம் இயக்கங்களின் நிலைமைக்கு வருவோம். வன்கொடுமை வழக்குகளுக்காக எங்கள் பகுதியில் அலைகிற தோழர்கள் பலர் முழுநேரம் வேலைக்குப் போக முடியாதவர்கள். வாய்தா, ஆர்.டி.ஓ. அலுவலகம், கலெக்டர் மனுநாள், பெரிய ஆஸ்பத்திரி என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு டீக்காசும் பஸ்காசும் வருவது மனைவி சுற்றிய பீடியிலிருந்து. நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து. மகளிர் குழுக் கடனிலிருந்து. அவரைக் குண்டர் சட்டத்தில் உள்ளே வைத்தால் பாளையங்கோட்டை சிறை வாசலில் மனு போட்டு நிற்பதும் அவள்தான். இது ஒரு இயக்கத்தின் நிதி ஆதாரம். எந்த அமைப்பின் வரவு செலவுக் கணக்கிலும் இது கிடையாது. தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் கணக்கு எழுத வேண்டியதில்லை.

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தைப் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே நான் அளக்கிறேன் என்ற பொருளில் பாபாசாகேப் பேசினார். மனைவி கணவனுக்குத் தோழியாக, சமமாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதும் 1951இல் அமைச்சர் பதவியை விட்டார், பெண்ணுக்குச் சொத்து, மணவிலக்கு உரிமை எல்லாம் அந்த மசோதாவில்தான் இருந்தன. ரமாபாயோடு வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து இந்த மனிதர் எங்கே வந்து சேர்ந்தார் என்பதைக் கவனியுங்கள். நாம் ஏன் அவரை 1913இலேயே நிறுத்தி வைத்து நம் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறோம்?

சமீபத்தில் பொறுப்பாளர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினேன். பதினோரு ஆண்கள். மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதினேன். போன மாதம் உங்கள் வீட்டில் அரிசிக்கும் கேஸுக்கும் எவ்வளவு செலவானது? உங்கள் மனைவி கடைசியாக எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனார், எதற்கு? அவர் போக ஆசைப்படுகிற ஊர் எது? முதல் கேள்விக்கு இரண்டு பேர் ஏதோ எழுதினார்கள். இரண்டாவதற்கு ஐந்து பேர். மூன்றாவதுக்குத் தாள்கள் வெறுமையாக இருந்தன. கொஞ்ச நேரம் சிரிப்பும் கிண்டலும் போனது. ஒரு அண்ணன் மட்டும், நேர்மையான மனிதர், போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏ, உனக்கு எந்த ஊருக்குப் போவணும்னு ஆச?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு:

"எதுக்குக் கேக்கிய? மீட்டிங்ல பேசவா?"